ஆக்டிவா, பாசிவா: முதலில் உன் கேபிள் எத்தனை மீட்டர்?

சித்தி மகனுக்கு போனஸ் வந்துவிட்டது. பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. வருடத்தில் ஒரு தடவைதான் கையில் இப்படிக் காசு மொத்தமாக நிற்கும். ஜெலுத்தோங்கில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் சொல்வதற்குள் போனை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். ஆன்லைன் கடையின் கூடையில் இரண்டு சாமான் கிடந்தன. இரண்டும் பிக்கப், எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக்கும் துண்டு. ஒன்று இஎம்ஜி 81, 85 ஜோடி. இன்னொன்று சீமோர் டங்கன் ஜேபியும் 59-உம் சேர்ந்த ஜோடி. முதலாவது ஆக்டிவ், பேட்டரியில் ஓடுவது. இரண்டாவது பாசிவ், பேட்டரி தேவையில்லாதது.

"அண்ணே, எதை அமுக்குறது?"

"உன் கேபிள் எத்தனை மீட்டர்?" என்றேன்.

ஜாதகம் காட்ட வந்தவனிடம் செருப்பு அளவு கேட்டதுபோல முழித்தான். ஆனால் பிக்கப் விஷயத்தில் நான் முதலில் கேட்பது அதைத்தான். கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் என்ன இருக்கிறது, எந்த சாக்கெட்டில் செருகப் போகிறாய், வாசிக்கும்போது உன் சுண்டு விரல் வால்யூம் நாப்பைத் தொடுமா தொடாதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பெரும்பாலானவர்கள் இதைப் பாட்டு வகையை வைத்தே முடித்துவிடுகிறார்கள். மெட்டல் என்றால் ஆக்டிவ், புளூஸ் என்றால் பாசிவ். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், ஓசி ஆஸ்போர்னோடு வாசித்த சாக் வைல்ட் இருவர் கையிலும் பல காலம் இஎம்ஜி இருந்ததால் வந்த பழக்கம் இது. ஆனால் பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மோர் தன் சிவப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட் கிட்டாரில் பல வருடம் வைத்திருந்ததும் இஎம்ஜிதான். அவர் சத்தத்தை யாரும் மெட்டல் என்று சொன்னதில்லை. மறுபக்கம், பான்டெராவின் டைம்பேக் டேரல் அவ்வளவு கொடூரமான சத்தத்தைப் பேட்டரி இல்லாத பாசிவ் பிக்கப்பில்தான் எடுத்தார். அதனால் பாட்டு வகையை ஓரமாக வைப்போம் என்றேன். தம்பிக்கு அதில் கொஞ்சம் வருத்தம். கம்பிகளைத் தாழ்த்திக் கட்டும் டிராப் சி டியூனிங்கில் ஒரு மெட்டல் பேண்டு வைத்திருக்கிறான், அதை நான் மதிக்கவில்லை என்று நினைத்திருப்பான்.

பாசிவ் பிக்கப்பில் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி அளவுக்கு மெல்லிய செப்புக் கம்பி. ஸ்ட்ராட் வகை பிக்கப்பில் ஏறக்குறைய 8,000 சுற்று இருக்கும். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் ஆடும், சுருளில் சின்னதாக ஒரு மின்னழுத்தம் பிறக்கும். பேட்டரியும் இல்லை, சிப்பும் இல்லை. 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் செய்த, வாணலி மாதிரி இருந்த அந்த முதல் கிட்டாரில் இருந்த அதே தத்துவம்தான் இன்றும்.

அத்தனை சுற்றுக்கும் ஒரு விலை உண்டு. சத்தம் பிறக்கிறது, ஆனால் அதற்குத் தோள் பலம் கிடையாது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் வெளியே வரும் துவாரம் ஊசி அளவு என்று வைத்துக்கொள்ளலாம். ஜேபியின் விவரத்தில் 16 கிலோ ஓம் சொச்சம் என்று போட்டிருக்கும். அது மீட்டர் வைத்து அளக்கும் நேர்மின்தடை மட்டும். வாசிக்கும்போது மேல் அலைவரிசைகளில் சுருளின் மொத்த எதிர்ப்பு லட்சம் ஓமைத் தாண்டும். இந்த நோஞ்சான் சத்தம் கேபிள் வழியாக நடந்து போக வேண்டும். கேபிளோ சும்மா இருக்காது. நடுக் கம்பியும் அதைச் சுற்றிய வலையும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர் ஆகிவிடும்; சாதாரணக் கேபிளில் மீட்டருக்கு 100 பிக்கோஃபாராட் அளவு.

இங்கே தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் தினமும் பார்க்கும் சமாச்சாரம். போனில் கால்குலேட்டரைத் திறந்தான். பிக்கப் சுருளுக்கு 4.5 ஹென்றி, சுருளின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் 150 பிக்கோஃபாராட் என்று எடுத்துக்கொண்டோம். 3 மீட்டர் கேபிளில் ஒத்ததிர்வு மேடு, அதாவது சத்தம் தூக்கலாக நிற்கும் இடம், 3,500 ஹெர்ட்ஸ் பக்கம் விழுந்தது. 10 மீட்டர் கேபிளில் 2,200-க்கு இறங்கிவிட்டது. அந்த மேட்டுக்கு மேலே எல்லாம் சரிவுதான். கிட்டாரின் முகவெட்டு இருப்பதே 2,000-க்கும் 4,000-க்கும் நடுவில். வீட்டில் பளிச்சென்று கேட்ட கிட்டார் பெரிய மேடையில் கம்பளி போர்த்தியதுபோல ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆம்ப்பைத் திட்டிப் பயனில்லை.

"அப்போ நீளமான கேபிள் போட்டா ட்ரெபிள் செத்துடுமா?"

சாகாது, இடம் மாறும். சிலருக்கு அந்த மழுங்கல்தான் பிடிக்கும். சுருள் கேபிள் போட்டு வாசித்த பழைய ஆட்களின் சத்தத்தில் பாதி அழகு அந்தக் கேபிளுடையது.

ஆக்டிவில் கதை வேறு. சுருளில் சுற்று குறைவு. அதே கூட்டுக்குள் சத்தத்தை அங்கேயே ஏற்றிவிடும் ஒரு குட்டி ப்ரீஆம்ப் உட்கார்ந்திருக்கும். மொத்தத்தையும் எபாக்சி ஊற்றி மூடியிருப்பார்கள். ராப் டர்னர் 1976-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கம்பெனிதான் இஎம்ஜி. 81-இல் வெளியே வரும் இடத்தில் 10 கிலோ ஓம்தான். 10 மீட்டர் கேபிள் போட்டாலும் சரிவு 16,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில்தான் தொடங்கும். கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கரோ 5,000, 6,000-க்கு மேல் வாயே திறக்காது. கேபிள் இருந்தும் இல்லாத மாதிரி.

இது கேட்க ஆக்டிவுக்கு ஒரு பெரிய வெற்றி மாதிரி இருக்கும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். அப்புறம்தான் தெரிந்தது, தம்பியின் பெடல் பலகையில் முதலில் இருக்கும் பாஸ் (Boss) கம்பெனி டியூனர் இந்த வேலையில் முக்கால்வாசியைச் செய்துவிடுகிறது. பாஸ் பெடல்களில் பஃபர் உண்டு. பெடலை அணைத்து வைத்திருந்தாலும் சத்தம் அதன் வழியாகப் போய்த் தோள் பலத்தோடு வெளியே வரும். அதற்குப் பிறகு எத்தனை மீட்டர் இழுத்தாலும் கவலை இல்லை. கிட்டாரிலிருந்து டியூனர் வரைக்குமான அந்த 3 மீட்டர் மட்டும்தான் பிக்கப்போடு பேசும். அணைத்ததும் சத்தத்தை அப்படியே தாண்டவிடும் ட்ரூ பைபாஸ் டியூனர் என்றால் இந்த உதவி கிடைக்காது. ஆக, கேபிளுக்காக மட்டும் ஆக்டிவ் வாங்குகிறேன் என்பவனிடம் முதலில் அவன் பெடல் பலகையைப் பார்க்கச் சொல்வேன்.

ஆக்டிவில் சத்தம் அதிகம் என்பது இன்னொரு நம்பிக்கை. ப்ரீஆம்ப் ஏற்றிக் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் டிமார்சியோ கம்பெனிக்காரர்கள் 1970களின் தொடக்கத்திலேயே சூப்பர் டிஸ்டார்ஷன் என்று ஒன்றை இறக்கினார்கள். பேட்டரி இல்லாமலே ஆம்ப்பை அழவைக்கும் பிக்கப் அது. பலம் வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் கிடைக்கும். ஆக்டிவில் நான் உண்மையில் கேட்கும் வித்தியாசம் வேறு. ஒவ்வொரு அடியும் ஒரே சீராக, விளிம்பு வெட்டியதுபோல வரும். கெயின், அதாவது ஆம்ப்பின் கரகரப்பை, ஏற்றி உள்ளங்கையால் அமுக்கி வாசிக்கும்போது கீழ்க் கம்பி குழையாது. இதே குணம் கரகரப்பில்லாத கிளீன் சத்தத்தில் சிலருக்குப் பிடிக்காது, ரொம்பச் சுத்தமாக, ஆஸ்பத்திரித் தரை மாதிரி இருக்கிறது என்பார்கள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்.

பேட்டரி பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. பட்டுத் தெரிந்துகொண்டவன்.

பிறையில் ஒரு கல்யாண டின்னர். மாப்பிள்ளை பெண் மண்டபத்துக்குள் நுழையும் பாட்டு, தொடக்கமே கிட்டார்தான். முதல் நாலு பார் சரியாகப் போனது. அப்புறம் சத்தம் தொண்டை கட்டிய ஆள்போல ஆகிவிட்டது. கரகரப்பு, பலம் இல்லை, ஒரு சுரம் நீட்டினால் நடுவில் அறுந்து விழுகிறது. கேபிளை மாற்றினேன். ஆம்ப்பின் தலையில் தட்டினேன். கீபோர்டு வாசிக்கிறவர் என் பகுதியையும் சேர்த்து வாசித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், அது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பின் மூடியைக் கழற்றி மீட்டர் வைத்தால் 9 வோல்ட் பேட்டரியில் 6-கூட இல்லை.

தப்பு என்னுடையதுதான். ஆக்டிவ் கிட்டாரில் தனியாக ஆன்-ஆஃப் சுவிட்ச் கிடையாது. ஜேக்தான் சுவிட்ச். அது ஸ்டீரியோ ஜேக். நாம் செருகும் மோனோ பிளக் பேட்டரியின் மைனஸை கிரவுண்டோடு சேர்த்துவிடும். கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், வாசித்தாலும் சரி, தூங்கினாலும் சரி. நான் வீட்டு மூலையில் ஸ்டாண்டில் கேபிளோடு வாரக்கணக்கில் நிற்க வைத்திருந்தேன்.

கணக்கு எளிது. இஎம்ஜி 81 ஒன்று இழுப்பது வெறும் 80 மைக்ரோஆம்பியர். ஒரு பேட்டரியில் 3,000 மணி நேரம் என்று கம்பெனியே சொல்கிறது. இரண்டு பிக்கப் என்றால் 1,500. வாரம் 10 மணி நேரம் வாசிப்பவனுக்கு அது மூன்று வருடத்துக்குப் பக்கம். கேபிளைப் பிடுங்காமல் விட்டவனுக்கு 62 நாள். அந்த டின்னருக்குப் பிறகு எனக்கு ஒரு வழக்கம் உண்டு: தீபாவளிக்கு வீடு கழுவும்போது கிட்டாருக்கும் புது பேட்டரி. பழையது நன்றாக இருந்தாலும் கழற்றிப் பார்ப்பது நல்லது, கடல் காற்று வீசும் ஊரில் பேட்டரி கசிந்து கிளிப்பைப் பச்சை பிடிக்க வைத்தால் அது தனித் தலைவலி. விலை ஒரு தட்டு நாசி கண்டார் அளவுதான், அதற்காகப் பாசிவ் வாங்க வேண்டாம். ஆனால் மறதிக்காரன் என்றால் யோசி. மறதியை எந்தக் கடையிலும் மாற்றித் தர மாட்டார்கள்.

இப்போது சாக்கெட்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் அதை வானொலிபோலப் பிடித்து ஹம் என்று முனகும். கிப்சன் கிட்டார் கம்பெனியில் வேலை செய்த செத் லவர் 1955-இல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை கேட்டார். இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்தால் கம்பியின் சத்தம் கூடும், வெளியிலிருந்து வரும் முனகல் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். அதுதான் ஹம்பக்கர். தம்பியின் கூடையில் இருந்த நான்கும் ஹம்பக்கர் வகைதான். அப்படியென்றால் இரைச்சல் பிரச்சினை முடிந்ததா என்றால், இல்லை. மண்டபங்களில் மேடை விளக்கின் டிம்மர், பக்கத்திலேயே ஓடும் பெரிய திரை, யாரோ சமையலறையிலிருந்து இழுத்த எக்ஸ்டென்ஷன் வயர் எல்லாம் சேர்ந்து ஒரு ஜிர்ர் சத்தம் கொடுக்கும். அது பிக்கப் சுருளை விட, கிட்டாருக்குள் இருக்கும் மூடாத வயர்கள், நாப் குழி வழியாகத்தான் அதிகம் நுழைகிறது. சத்தம் நோஞ்சானாக இருப்பதால் இரைச்சலுக்குக் கொண்டாட்டம். ஆக்டிவில் சத்தம் பிறந்த இடத்திலேயே பலம் ஏறிவிடுவதால் அதன் பிறகு எதுவும் எளிதில் ஒட்டாது. இந்த ஒரு இடத்தில் ஆக்டிவுக்குத் தெளிவான வெற்றி. கெயினை முழுதாக ஏற்றி, கையை எடுத்துவிட்டு நின்றால், வித்தியாசம் கடைசி மேசையில் இருக்கும் மாமாவுக்குக்கூடத் தெரியும்.

பாசிவ் கிட்டாரில் கம்பியைத் தொட்டால் ஜிர்ர் குறையும், கவனித்திருப்பீர்கள். நம் உடம்பே ஒரு ஆண்டெனா. கம்பிகள் கீழே முடியும் பிரிட்ஜுக்கு ஒரு கிரவுண்ட் வயர் போவதால், கம்பியைத் தொட்டதும் உடம்பும் கிரவுண்டில் சேர்ந்துவிடுகிறது. நல்ல ஏற்பாடுதான், சாக்கெட் ஒழுங்காக இருக்கும் வரை. நான் சேர்ந்திசை பாடுகிறவன். ஒரு மண்டபத்தில் ஆம்ப் ஒரு சாக்கெட்டில், மைக் போகும் மிக்சர் இன்னொரு சாக்கெட்டில். இரண்டில் ஒன்றில் எர்த் இல்லை. கையில் கம்பி, உதட்டில் மைக். சுருக்கென்று வாங்கியது அடுத்த நாள் வரை உதட்டில் இருந்தது. அந்த நேரத்தில் இரண்டு சாக்கெட்டுக்கும் நடுவில் பாலம் நான்தான். பினாங்குக்கு ஏற்கெனவே இரண்டு பாலம் இருக்கிறது, மூன்றாவதாக நான் வேண்டாம்.

இஎம்ஜி போடும்போது பிரிட்ஜ் கிரவுண்ட் வயரைப் பிடுங்கிவிடச் சொல்வார்கள். பிக்கப் உள்ளேயே நன்றாக மூடியிருப்பதால் அந்த வயர் இல்லாமலும் இரைச்சல் வராது. கம்பி வழியாக உடம்புக்குப் போகும் பாதை அதோடு அறுகிறது. இது முழுப் பாதுகாப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். உலோக ஜேக் தட்டு இன்னும் கிரவுண்டில்தான் இருக்கிறது. சாக்கெட்டைச் சோதிக்கும் சின்ன பிளக் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், அதை கிட்டார் பையிலேயே போட்டு வையுங்கள். ஆனாலும் பாடிக்கொண்டே வாசிப்பவனுக்கு, அதுவும் எங்கே எப்படி வயர் இழுத்திருக்கிறார்கள் என்று தெரியாத மண்டபங்களில், என் ஓட்டு ஆக்டிவுக்கு. இதில் எனக்குச் சத்தத்தை விட உதடு முக்கியம்.

மூன்றாவது கேள்வி சுண்டு விரல். தம்பியிடம், "கல்யாண செட்டில் கிளீன் பகுதி வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "வால்யூமை 5-க்கு இறக்கிடுவேன், தானா கிளீன் ஆகிடும்" என்றான். சேனல் மாற்ற மாட்டானாம். இது பாசிவ்காரனின் கை. வால்யூமை இறக்கும்போது சத்தம் குறைவதோடு ட்ரெபிளும் கொஞ்சம் மழுங்கும், சுருளும் நாப்பும் கேபிளும் சேர்ந்து நிறத்தையே மாற்றும். ஒரே பிக்கப்பில் நாலு முகம். ஆக்டிவில் வால்யூமை இறக்கினால் அதே முகம் தூரத்தில் நிற்கும். அதையும் சிலர் விரும்புவார்கள், குணம் மாறாமல் சத்தம் மட்டும் குறைகிறதே என்று. ஆனால் நாப்பை வைத்தே பாட்டின் மூடை மாற்றுகிறவன் ஆக்டிவ் போட்டால் ஒரு கை கட்டியதுபோல உணர்வான். சத்தத்தைக் கரகரவென்று கிழிக்கும் பழைய வகை ஃபஸ் பெடல் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். ஃபஸ் ஃபேஸ் போன்றவை நேரடியாகப் பாசிவ் சுருளோடு ஒட்டி உறவாடுவதற்காகவே பிறந்தவை. நடுவில் ப்ரீஆம்ப் வந்தால் கீச்சென்று கத்தும், வால்யூம் குறைத்தாலும் அடங்காது.

மாட்டுகிற வேலையும் இருக்கிறது. பாசிவ் ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் நாப், தம்பியின் கிட்டாரில் ஏற்கெனவே அதுதான். ஆக்டிவுக்கு 25 கிலோ ஓம். பழைய நாப்பையே வைத்து ஆக்டிவ் போட்டால் வால்யூம் சுவிட்ச் மாதிரி ஆகிவிடும், கொஞ்சம் திருப்பியதும் எல்லாம் போகும் அல்லது எல்லாம் வரும். அதனால்தான் ஒன்று ஆக்டிவ், ஒன்று பாசிவ் என்று கலந்து போடும் ஆசை பெரும்பாலும் சங்கடத்தில் முடிகிறது. புது இஎம்ஜி செட்டில் நாப், ஜேக், செருகு வயர் எல்லாம் கூடவே வரும், சாலிடர் பிடிக்கத் தெரியாதவனும் மாட்டிவிடலாம். தம்பிக்கு இது பெரிய விஷயமில்லை, பகலெல்லாம் சாலிடர் புகையில் இருப்பவன். அவன் கவலை பேட்டரிக்கு இடம். பின்குழியில் நாப்கள் நெருக்கமாக இருந்தால் பேட்டரியை மூடிக்குள் அமுக்கி வைக்க வேண்டிவரும், அது ஒரு நாள் வயரைக் கடிக்கும். மரத்தைக் குடைவதா என்றால், விற்கும்போது விலை போய்விடும்.

இன்னொன்று, ஜேபியும் 59-உம் நாலு வயர் மாதிரியில் வாங்கினால் ஒரு சுருளை மட்டும் தனியாக எடுக்கலாம். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் விரல் விட்டு உருட்டும் அந்த மெல்லிய கிளீன் சத்தத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். சாதாரண 81-இல் அந்த வசதி இல்லை. ஃபிஷ்மேன் கம்பெனி 2014-இல் கொண்டுவந்த ஃப்ளூயன்ஸ் வரிசை இந்தக் குறையைப் பார்த்துத்தான் வந்தது என்று நினைக்கிறேன். கம்பி சுற்றுவதற்குப் பதில் அடுக்கு அடுக்காக அச்சிட்ட சுருள், ஒரே பிக்கப்பில் இரண்டு மூன்று குரல், நாப்பை இழுத்தால் மாறும். கேட்க அருமையாக இருக்கிறது. பேட்டரியை இஎம்ஜியை விடப் பல மடங்கு வேகமாகக் குடிக்கும், அதனால் சார்ஜ் செய்யும் பேட்டரியும் விற்கிறார்கள். போனஸ் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நானே அதைச் சொல்லியிருப்பேன்.

பேஸ் கிட்டார்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் "ஆக்டிவ் பேஸ்" என்றால் பெரும்பாலும் பிக்கப் பாசிவ்தான், உள்ளே பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ மட்டும் பேட்டரியில் ஓடும். இங்கே சொன்னதை அப்படியே அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இத்தனையும் பேசி முடித்து, இரண்டாவது தே தாரிக்கும் ஆறிப்போன பிறகு தம்பி, "சரி, அப்போ எது?" என்றான். ஞாயிற்றுக்கிழமை கிட்டாரோடு வா, எதையும் அமுக்காதே என்று அனுப்பிவிட்டேன்.

வந்தான். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில், மோட்டார் சைக்கிளில், கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு. வாசிக்கச் சொன்னேன். கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப்பில் கீழ்க் கம்பி மண்ணாகக் குழைந்தது. அவன் மாற்ற நினைத்ததே இதற்காகத்தான். கழுத்தின் கடைசிக் கட்டத்தில் (ஃப்ரெட்டில்) கம்பியை அமுக்கிப் பிடித்து, ஸ்கேலை வைத்து அளந்தால் பிக்கப்புக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கிப்சன் வகை கிட்டாருக்குச் சொல்லும் அளவு, நெக் பக்கம் 2.4 மில்லிமீட்டர், பிரிட்ஜ் பக்கம் 1.6. ஸ்க்ரூடிரைவரை எடுத்து இரண்டு பக்கமும் கால் கால் சுற்றாக இறக்கினோம். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் வாசித்தான். ஐந்தாவது தடவையில் கை நின்றுவிட்டது. மறுபடி அதே ரிஃப், மறுபடி. ஒன்றும் பேசவில்லை. குழைவு போயிருந்தது, காசு இன்னும் பாக்கெட்டிலேயே இருந்தது.

அப்புறம் பின் மூடியைக் கழற்றினோம். நாப் குழிக்குள் கருப்புப் பெயிண்ட் மட்டும், மூடாத வயர்கள் பல் குத்தும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு. செப்பு டேப்பை வெட்டி ஒட்டி, அதை கிரவுண்டில் சேர்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று. சாலிடர் அவன் பிடித்தான், என்னை விட நன்றாக. ஜிர்ர் போயே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெடலை மிதித்தால் இனிமேல் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது.

அவனுக்கு நான் சொன்னது பாசிவ். ஒரே கிட்டார், அதில் டிராப் சி மெட்டலும் கல்யாண டின்னரும். வால்யூம் நாப்பில் குடித்தனம் நடத்துகிறவன். முன்னால் பஃபர் உள்ள டியூனர். பாட மாட்டான். பிரிட்ஜில் ஜேபி, நெக்கில் 59, நாலு வயர். அதையும் இப்போதே வாங்காதே, இந்த உயரத்திலேயே ஒரு மாதம் வாசி, இன்னும் அதே ஆசை இருந்தால் அமுக்கு என்றேன். ஜாமிங் ஸ்டூடியோவில் மட்டும் வாசிக்கிற, கெயினைக் குறைக்கவே தெரியாத, இரண்டாவது கிட்டார் உள்ள அவன் நண்பன் ஒருவன் கேட்டிருந்தால் தயங்காமல் 81, 85-ஐ அமுக்கச் சொல்லியிருப்பேன். போலி இஎம்ஜிகள் சுற்றுவதால் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் விலகிப்போ என்றும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

தம்பி கிட்டாரைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"எனக்குப் பாசிவ்னு சொல்றீங்க. உங்க கிட்டார்ல மட்டும் ஏன் இஎம்ஜி?"

"நான் பாடுறவன்டா. உதடு இருக்கே."

சிரித்துக்கொண்டே எழுந்தவன் வாசல் பக்கம் போகாமல் மூலைக்குப் போனான். ஸ்டாண்டில் இருந்த என் கிட்டாரைப் பார்த்தான், குனிந்து கேபிளைப் பிடுங்கி, சுருட்டி, ஆம்ப்பின் மேல் வைத்தான்.

"எத்தனை நாளா அண்ணே?"